நாற்பத்து மூன்று யூரோ

மறந்து வைக்கவில்லை.
எண்ணித்தான் வைத்தேன், சாப்பாட்டு மேசையில்,
பர்ஸின் வாய் பாதி திறந்தபடி.
பிறகு மீன் வாங்கப் போனேன்.
போர்ட்டோவில் அன்று ஆறே தெரியாத பனி.
மத்தி என்ன விலை என்று கேட்டுவிட்டு
பதில் காதில் விழாமல் நின்றேன்.

அம்மாவின் சங்கிலி, என் தையல் மெஷின்,
குளியலறைக் குழாய்கூட
அவன் நரம்பு வழியாகப் போனவைதான்.
இப்போது பதினாறு மாதம்.
விடிந்ததும் மெத்தடோன் வேன், அப்புறம் பேக்கரி.
போன வாரம் பல் கட்டினார்கள்.
ஃபெலிஸ்மினா என்று கூப்பிடும்போது
என் பெயருக்கு முதலெழுத்து
திரும்பக் கிடைத்திருக்கிறது.

வந்து பார்த்தால்
கதவு விரியத் திறந்து கிடக்கிறது.
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.
மேல்மாடிப் படியில் ஒரு இருமல்.
அடெலீனோ, கோட்டு இல்லாமல்,
கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

"அதோடு தனியாக இருக்க
இன்னும் தைரியம் வரவில்லை" என்றான்.
"எண்ணிவிடு.
எனக்குக் கேட்கிற மாதிரி எண்ணு."

எண்ணினேன்.
இருபதில் என் குரல் பிசகியது,
மறுபடி முதலிலிருந்து.

மத்தி வறுத்தோம். முள்ளோடு தின்றான்,
கடவாயில், சத்தம் வர.

இன்றிரவு பர்ஸை எங்கே வைப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.