மஞ்சள் வயர்

ஹெட்ரெஸ்டைக் கிழிப்பதற்கு முன்னால்
ஒரு தடவை கேட்டுவிடுவேன்.
"வெட்னா வெட்னதுதான்ணே, அப்பால பேசக்கூடாது."
தேசிங்கு டீயை உறிஞ்சியபடி
தலையை மட்டும் ஆட்டினார்.

தண்டையார்பேட்டையில்
மெட்ரோ தூணின் நிழல்
மதியம் கடை வாசலுக்கு வரும்,
இரண்டு மணிக்குப் போய்விடும்.
அதற்குள் முடிக்கிற வேலை.

செகண்ட் ஹேண்ட் வண்டி.
முன்பு வைத்திருந்தவரின் எண்ணெய்த் தலை
வட்டமாக இன்னும் சாய்ந்திருந்தது.
பிளேடு இறங்கியதும் ஸ்பாஞ்ச்,
ஸ்பாஞ்சுக்குள் ஒரு கொண்டை ஊசி,
எப்படிப் போனதோ.

ஏழு இஞ்ச் ஸ்கிரீன் இரண்டு.
ஒன்று போதாதா என்றேன்.
ஒன்று என்றால் கொலை விழும் என்றார்.
மணலியில் வீடு, ராயபுரத்தில் பள்ளிக்கூடம்,
நடுவில் கன்டெய்னர் லாரி வரிசை.
நின்று நின்று போகிற கோபத்தில்
பெரியவள் மோனிஷா சீட்டை உதைத்து
இடுப்புக்கு மேலே கன்றிவிட்டதாம்.
சட்டையைத் தூக்கிக் காட்டினார்.
கன்றித்தான் இருந்தது.

சிவப்பு கரண்டுக்கு.
கறுப்பு எர்த்துக்கு.
மஞ்சள் படத்துக்கு.
கரடியும் ரயிலும் வரவேண்டிய மஞ்சளும்
பின்னாலிருக்கும் ரிவர்ஸ் கேமராவின் மஞ்சளும்
கார்பெட்டுக்கு அடியில்
ஒரே பாயில் படுத்த அண்ணன் தம்பிகள்.
நிழல் போயிருந்தது.
கடைப்பையன் சோற்றுக்குப் போயிருந்தான்.
வேறென்ன காரணம் சொல்ல.

ஒன்பதாயிரத்தில் ஏழு கொடுத்தார்.
மீதி சனிக்கிழமை.
எந்தச் சனிக்கிழமை என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை
எண்ணூர் ரோட்டில் அந்த வண்டியைப் பார்த்தேன்.
ஒரு பக்கம் கடல், கல்லில் மோதிக்கொண்டு.
ஒரு பக்கம் லாரிகள், மோதாமல்.
என் பழைய எக்ஸெல்லுக்கே
எட்டிப் பிடிக்கிற வேகம்தான்.
பின்னாலேயே போனேன்,
சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்தபடி:
"நானும் புள்ளகுட்டிக்காரன்ணே" (வேண்டாம்)
"இன்னாண்ணே, போன எடுக்க மாட்ற" (இதுதான் சரி)

கூலிங் பேப்பர் ஒட்டாத பின்கண்ணாடி.
இரண்டு திரையும் தெரிந்தன.
கரடி இல்லை. ரயில் இல்லை.
ரோடு.
சாம்பல் ரோடு, அதன் மேல்
பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள்.
கோடுகளுக்கு நடுவே
ஹெல்மெட் போடாத ஒருவன்
வாயை அசைத்துக்கொண்டே
எக்ஸெல்லில் வருகிறான்.
அவன் சட்டைப்பையில் ஒரு வெள்ளைப் பட்டை.
அது எங்கள் கடைப்பெயராகத்தான் இருக்கவேண்டும்,
தலைமாற்றி.

ரிவர்ஸ் லைட்டில் தரவேண்டிய கரண்டை
சாவி லைனில் தந்திருக்கிறேன்.
ஐந்து வாரமாக
விட்டுவந்த ரோட்டையே பார்த்தபடி
பள்ளிக்கூடம் போகிறார்கள் பிள்ளைகள்.
அவர் வந்து சண்டை போட்டிருக்கலாம்.
வந்தால் மீதி கேட்பேன்.
நான் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம்.
போனால் மஞ்சளைக் காட்டுவார்.

சின்னவன் சீட்டில் முட்டிபோட்டுத் திரும்பினான்.
திரையில் வருகிறவன்
வெளியேயும் வருகிறானா என்று பார்க்க.
கையாட்டினான்.
மோனிஷா திரும்பவில்லை,
திரையிலிருந்த எனக்கு
அங்கேயே கையாட்டினாள்.
நான் வலது கையை எடுத்தேன்.
அவன் இடது கையை எடுத்தான்.

பிரேக் லைட்.
கவனிக்கவில்லை, கிட்டே போய்விட்டேன்.
இறங்கியிருந்த கண்ணாடி வழியாக அவள் குரல்:
"நைனா, அந்த அண்ணன்
செவப்புக்கு வந்துட்டாரு!"

டிரைவர் பக்கத்து ஜன்னலில்
தேசிங்கின் கை நீண்டது.
ஐந்து விரல்.
ஐந்நூறா, ஐந்து நாளா,
அங்கேயே நில் என்பதா,
தெரியவில்லை.

லாரி நகர்ந்தது. வண்டி நகர்ந்தது.
நான் கொஞ்சம் பின்தங்கி
பச்சைக்கு வந்தேன்.