சிவப்பு மீன் வரிசை

க்ளாக்ஸ்விக் மீன் ஆலையில்
நான் நிற்கும் இடத்தை இரண்டு முறை மாற்றினார்கள்.

முதல் முறை, கொள்முதல்காரர்கள் கப்பலில் வந்தபோது.
ஹானுஸ் என் கையைப் பார்க்காமல்
என் தலைக்கு மேலிருந்த கடிகாரத்திடம் சொன்னான்:
"மார்யுன், இன்னைக்கு மட்டும்
பெட்டி மடிக்கிற அறைக்குப் போயேன்."
அந்த இன்னைக்கு
பதினோரு மாதம் நீண்டது.

குறை சொல்லவில்லை.
செதில் நீக்கும் இடத்தில்
செதில் உதிர்க்கிற ஒருத்தி;
எனக்கே சிரிப்பு வரும்.
மேசைமேல் கிடப்பது காட் மீனுடையதா என்னுடையதா என்று
குனிந்து பார்த்திருக்கிறேன்.
மீனுடையது மினுங்கும்.

இந்தத் தீவுகளில் பாம்பு கிடையாது.
அதனால் சட்டை உரிக்கிறாள் என்று
யாரும் சொன்னதில்லை.
அந்த மட்டில் அதிர்ஷ்டம்.

ரோக்குர் சனிக்கிழமைதோறும் படுக்கை விரிப்பை
ஜன்னலுக்கு வெளியே உதறுவான்.
"பனி பெய்யுது" என்றான் ஒருமுறை.
மூன்று நாள் நான் பேசவில்லை.
நாலாம் நாள் நிஜமாகவே பெய்தது.
இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிப்ரவரியில் சிவப்பு மீன் வந்தது.
அதன் முதுகு முள்ளுக்குக் கையுறை ஒரு பொருட்டில்லை.
முதலில் பியர்கின் விரல் ஊதியது,
கத்திரிக்காய் நிறத்தில்.
அப்புறம் யோன்கெர்ட்.
அப்புறம் போலந்திலிருந்து வந்த அக்கா தங்கை,
ஒரே நாளில், ஒரே விரலில்.
பல் விழுந்த வாய் மாதிரி ஆனது வரிசை.
ஹானுஸ் பெட்டி அறைக்கு வந்தான்.
இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எனக்கும் குத்தியது. ஏழு தடவை.
தடித்துச் சிவந்த திட்டின் நடுவிலேயே இரண்டு.
ஊதட்டும் என்று காத்திருந்தேன்.
வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று.
துளை மட்டும் நின்றது,
முடிந்துபோன வாக்கியத்தின் முற்றுப்புள்ளியாக.

டோர்ஸ்ஹவ்னில் தோல் மருத்துவர் சுன்வரிடம்
இதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னேன்.
அவள் பேனாவை மூடினாள்.
"உன் தோல் எப்போதும் விழித்திருக்கிறது.
கிருமியைக் கொல்லும் சரக்கைத் தானே காய்ச்சி
மேலே அனுப்புகிறது, தேவைக்கு அதிகமாக.
அது காத்திருக்கலாம்.
உன் முன்னோரில் யாரையோ ஒரு கொள்ளைநோயிலிருந்தும்
காத்திருக்கலாம்.
இல்லை, முள் ஆழமாக இறங்காமல் இருந்திருக்கலாம்."

மூன்று 'லாம்'. எண்ணிக்கொண்டேன்.
மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அப்படியென்றால் இதற்கு நான் நன்றி சொல்லணுமா?"

"நான் சொல்லச் சொன்னேனா?
இதே நெருப்பு மூட்டுக்குப் போகும்,
இதயத்தையும் எட்டிப் பார்க்கும்.
செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டுப் போ."

எங்கள் தெருவில் ஒரு நாய் உண்டு.
ராத்திரி முழுக்க மூடுபனியைப் பார்த்துக் குரைக்கும்.
இந்த ஊரில் திருடர் இல்லை.
எந்தக் காலத்திலோ வந்துபோன ஒருவனுக்கு
அதன் கொள்ளுப்பாட்டன் குரைத்த மிச்சம்
இன்னும் தொண்டையில் இருக்கிறது போல.
தூக்கம் கெட்டு நான் செருப்பை எறிந்திருக்கிறேன்.
அன்று வீடு திரும்பி
ஒரு துண்டு மீன் எறிந்தேன்.
சாப்பிட்டுவிட்டுக் குரைத்தது.

மார்ச்சில் கொள்முதல்காரர்கள் மறுபடி வந்தார்கள்.
நான் வரிசையில்தான் நின்றேன்.
ஒருவன் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச்
சட்டென்று மீனைப் பார்த்தான்.
"பயப்படாதீங்க, தொத்தாது" என்றேன்.
"நல்லதும் தொத்தாது."
ஹானுஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கடலுக்கு அடியில் போனேன்.
சுரங்கத்தின் நடுவில், நீல விளக்கு வளைவில்,
எனக்கு மேலே எத்தனையோ ஆள் உயரத் தண்ணீர்,
அதில் செதிலோடு நீந்தும் எல்லாமும்.
முழங்கை அரித்தது. சொறிந்தேன்.
சுகமாக இருந்தது,
வளைவு முடியும் வரை.
அப்புறம் சுண்டுவிரல் முட்டியில்
புதிதாக ஒன்று,
மெதுவாக,
குரைத்துப் பார்த்தது.