வந்தானுங்களா

ஆங்கில மூலத்தில் அந்த எழுத்து
போகிற இடமெல்லாம் தலைதூக்கி நிற்கிறது.
வாக்கியத்தின் நடுவில், காற்புள்ளிக்குப் பக்கத்தில்,
மற்ற எழுத்துகளெல்லாம் உட்கார்ந்திருக்க
இது மட்டும் எழுந்து.
"நம்முள்ள இத எப்படிம்மா காட்டுறது?"
என்கிறார் எட்வின் ஆயர்.
தாராபுரம், பூளவாடிப் பிரிவு,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
மின்விசிறி எங்களுக்கு முன்பே
தாள்களைப் புரட்டிப் பார்க்கிறது.

நம் எழுத்தில் பெரியது சின்னது இல்லை.
னகரமோ ரகரமோ
தலைமேல் ஒரே புள்ளி.
அவன், அவர்.
கும்பிடுவதும் விரட்டுவதும்
அந்தக் கடைசி எழுத்தில்.

கடவுள் வருமிடமெல்லாம் அவர் என்று
குழு தீர்மானம் போட்டது.
நான் அவசரக்காரி.
கோப்பு முழுக்க ஒரே அழுத்தில்
அவனையெல்லாம் அவராக்கினேன்.
ஏரோது அவரானான், யூதாஸ் அவரானான்,
பன்றி மேய்த்துப் பட்டினி கிடந்த
இளைய மகனும்.
வினைகள் மட்டும் நகரவில்லை:
அவர் வந்தான். அவர் தின்றான்.
அவர் காட்டிக்கொடுத்தான்.
ஆயர் சிரித்துச் சிரித்து இருமினார்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அந்த இலக்கணம் எனக்குப் பழக்கம்.
கணினி படித்து, தவணை ஸ்கூட்டியில்
நான் வேலைக்குப் போன முதல் வாரம்
தோட்டத்துக்காரர் மகன், என் வயசுதான்,
வாய்க்கால் மேட்டில் நிறுத்திக் கேட்டார்
(பாருங்கள், இன்றைக்கும் கேட்டார் என்றே வருகிறது):
"ஏனம்மிணி, உங்கொப்பன் ராத்திரி
தண்ணி கட்ட வந்தானுங்களா?"

ஒரே சொல்.
முன்பாதி அப்பாவுக்கு, அறுபத்தொரு வயசு.
பின்பாதி எனக்கு.
"வந்தாருங்க" என்றேன்.
அவர் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு
"செரி" என்றார்.
சபைப் பதிவேட்டில் அப்பா திரு. சீலா.
வரப்பில் ரங்கான்.

இன்றைக்கு யாக்கோபு.
ஆற்றுத்துறை, இரவு.
யாரோ ஒருவர், இல்லை, ஒருவன்,
(இங்கேயே இடறுகிறது)
விடிய விடிய மல்லுக்கட்டு.
ஆங்கிலம் முதல் வரியிலேயே பெரிய எழுத்துப் போட்டு
ஆள் யாரென்று உடைத்துவிட்டது,
கட்டிப் புரள்கிறவனுக்கே தெரியாததை.
"எந்த வரியிலம்மா அவன் அவராகலாம்?
தொடை சுளுக்கறப்பவா,
பேர் கேக்கறப்பவா?"

இரண்டும் வேண்டாமென்று அடித்துப் பார்த்தேன்.
ஒரு கை பிடித்தது.
ஒரு மூச்சு இரைத்தது.
ஒரு குரல் பேர் கேட்டது.
ஆயர் கண்ணாடியைக் கழற்றினார்.
"எல்லாம் இருக்குது. ஆளத்தான் காணோம்."

அப்பா மடை திருப்பப் போனது
பெரும்பாலும் டார்ச் இல்லாமல்.
மஞ்சள் காட்டு வரப்பில்
எதிரே காலடி கேட்டால்
எங்கள் பக்கத்தில் எவரும் கேட்பது ஒன்றுதான்:
"ஆருங்க அது?"
தோட்டத்து வீடா காலனியா,
இருட்டுக்குத் தெரியாது.
தெரியாத மட்டும் 'ங்க' உண்டு.
அப்புறம் வெளிச்சம் அடிப்பார்கள்.
முகம் தெரியும்.
"அட, ரங்கானா.
ஏன்டா, கெழக்காலப் பாத்திக்குப் பாஞ்சுதா?"

இது அப்பா சொல்லி நான் கேட்டதில்லை.
தூக்குப்போசியோடு பின்னால் நின்றிருக்கிறேன்.

முதல் வரியிலிருந்தே
அவர் என்று அடித்தேன்.
வினைகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன்:
பிடித்தார், புரண்டார், இரைத்தார்.
"கடவுள்னு இப்பவே சொல்லிட்டியேம்மா."
"கடவுள்னு சொல்லலீங்க ஐயா.
இருட்டுங்க."

சிவப்புப் பேனாவின் மூடியைக்
கடித்தபடி இருந்தார்.
கீழே ஜெராக்ஸ் எந்திரம்
யாருடைய சாதிச் சான்றிதழையோ
விட்டுவிட்டு வெளிச்சமாக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வசனத்துக்குப் போனேன்.
பொழுது விடியப்போகிறது,
விடு, நான் போகவேண்டும் என்கிறார்
அந்த ஆள்.
ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை கேட்டும்
அவருக்கு அப்படி என்ன அவசரமென்று
எனக்கு விளங்கியதே இல்லை.