ஐந்தாவது சட்டம்

வேதாளை கச்சான் வாலிபால் கழகத்துக்கு
வெள்ளையடித்தாயிற்று.
கிழக்குச் சுவரில் ஐந்து ஆணி.
நான்கில் ஆள் ஏறிவிட்டது.
ஐந்தாவதற்காக
மஃரிபு முடிந்து உட்கார்ந்தவர்கள்
மண்டபத்துக் கடைசி பஸ் போன பிறகும்
எழவில்லை.

நம்புராசன் என்றார் களஞ்சியம்.
பத்தொன்பது வருஷம், முப்பத்தாறு கோப்பை,
தொண்டியில் ஒரே செட்டில் ஒன்பது சர்வீஸ் பாயிண்ட்.
"இன்னும் என்ன செய்யணும்? கடலையா தாண்டணும்?"

ஜகுபர் நண்டுக் கம்பெனியில் தரம் பிரிப்பவர்.
"எடை மட்டும் பாத்தா முடிஞ்சதா?
கால் ஒடிஞ்ச நண்டை
முழு நண்டு விலைக்கு எடுப்பேனா நான்?
ஏர்வாடி மேட்சன்னிக்கு அவன் எங்க இருந்தான்?"

எங்கே இருந்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.
பன்னிரண்டாயிரம் வாங்கிக்கொண்டு
உச்சிப்புளிச் சட்டையில்
வலைக்கு அந்தப் பக்கம் இருந்தான்.
"படகு எஞ்சின் அடகுல கெடந்துச்சுப்பா."
"யாரு எஞ்சின் கெடக்கல?"

இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.
டீ வந்தது. ஒரு கிளாஸ் குறைந்தது.

பொருளாளர் ரிஸ்வானா கேட்டாள்,
ரெண்டே சீசன் ஆடிவிட்டுத்
தம்மாமுக்குப் போன மன்சூர் ஏன் கூடாது?
அந்த ரெண்டு சீசனும்
எதிரில் நின்றவர்கள் பந்தைப் பார்க்கவில்லை,
அவனைப் பார்த்தார்கள்.
பயத்தை எந்தக் கட்டத்தில் எழுதினீர்கள்?

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
ஸ்கோர் நோட்டு என்னுடையது.
அதில் பயத்துக்குக் கட்டம் இல்லை.
அடித்தவனுக்கு உண்டு. தடுத்தவனுக்கு உண்டு.
ஆயிரம் பந்தைத் தூக்கிக் கொடுத்த சேசு இருதயத்துக்கு
ஒரு புள்ளி வைக்கக்கூட இடம் இல்லை.
கட்டம் கிழித்தவன் நான்தான்,
ஸ்கேல் இல்லாமல், ஒரு சோப்பு டப்பாவின் ஓரத்தை வைத்து.

நோட்டில் இல்லாத இன்னொன்றும் இருக்கிறது.

தேவிபட்டினம் இறுதி ஆட்டம்.
இருபத்து நாலு, இருபத்து மூணு.
கொடி என் கையில்.
மணலில் கோடு கிழித்தால் நிற்காது என்று
நைலான் கயிறு கட்டியிருந்தோம்.
நம்புராசன் எகிறினான்.
பந்து கயிற்றுக்கு உள்ளே விழுந்தது.
கயிறு மட்டும்
முளை அடித்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.
கச்சான் தள்ளியதா, யாருடைய காலோ,
நான் பார்க்கவில்லை.
கயிறு கிடக்கும் இடம்தான் கோடு.
கிடக்க வேண்டிய இடம் என்றும்
ஒன்று இருக்கிறது.
கொடியைத் தாழ்த்தினேன்.
முப்பத்தாறில் அது முப்பத்தொன்றாவது கோப்பை.

கூட்டம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது.
அவன் மட்டும் திரும்பி வந்தான்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
மண்டியிட்டு, முளையைப் பிடுங்கி,
பழைய குழியிலேயே அடித்து,
கயிற்றை இழுத்துக் கட்டினான்.
அடுத்து பெண்கள் ஆட்டம் இருந்தது.

இதை இன்று சொன்னால்
களஞ்சியம் பக்கம் சேருமா
ஜகுபர் பக்கம் சேருமா?
வாய் வரை வந்ததை
ஆறிப்போன டீயோடு விழுங்கினேன்.

பத்தரைக்குச் சீட்டு எழுதினோம்.
ஒன்பது பேர், எட்டுச் சீட்டு,
நாலுக்கு நாலு.
"வெறுஞ்சீட்டு எவன் போட்டது?"
"வெறுஞ்சீட்டே இல்லப்பா, ஒண்ணு கொறையுது."
பெஞ்சுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார்கள்.
என் சட்டைப் பையில் தேடவில்லை.

சட்டம் போடுகிற பிச்சைக்கனி
போனில் கத்தினார்:
"ஒத்தை ஆளு படமா, குரூப் படமா?
அளவு சொன்னாத்தானே மரம் அறுக்க முடியும்?"
அடுத்த வெள்ளிக்குப் பேசுவோம் என்று
ஆளாளுக்கு செருப்பைத் தேடினார்கள்.

விளக்கை அணைக்கும் முன் பார்த்தேன்.
ஐந்தாவது ஆணியில்
யாரோ
பந்துக்குக் காற்றடிக்கிற பம்பை
மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.