ழ இருக்கும் இடம்

பெர்ல் என்றால் உன் மொழியில் முத்தாம்.
சுண்டிக்குளிச் சனம் அதற்கோர் 'அர்' போட்டு
உன்னை முத்தர் ஆக்கிவிட்டது.
பல்லுப் பிடுங்கும் வெள்ளைக்கார முத்தர்.
அந்த வெள்ளைக்காரன் நானில்லை என்று நீ சொல்லச் சொல்ல
அவர்கள் உன் தோலைப் பார்த்தார்கள்.
உன் கடவுச்சீட்டை நான் பார்த்தேன்:
முதற்பக்கத்தில் சிவப்பாய் ஓரெழுத்து,
மாட்டுக்குக் குறி சுட்டதுபோல.

வியன்னாவிலிருந்து ஒரு பெட்டியும்
காலால் மிதித்தால் சுழலும் துளையியந்திரமும்.
கதிரையை இங்கேதான் செய்வித்தாய்,
வேம்பில், தலை சாயும் விதமாய்.
முதலில் அதில் இருந்தவன் நான்.
"வாயைத் திற. ழ எங்க இருக்குது எண்டு பார்க்கவேணும்."
கண்ணாடிக் கரண்டியை உள்ளே விட்டாய்.
எச்சில் ஒழுக நான் பழம், புழு, கூழ் என்றேன்.
மூன்று மாதம் கழித்து
யாழ்ப்பாணம் என்று முழுசாய்ச் சொன்னாய்.

அன்றைக்குக் கூழ் காய்ச்சினோம்.
நண்டை ஒதுக்கி வைத்தாய்.
நான் மாட்டிறைச்சியை ஒதுக்குவதுபோல என்று எண்ணிக்கொண்டேன்.
ஒருவர் விலக்கை ஒருவர் கேளாதிருப்பது
மரியாதை என்றிருந்த காலம்.

பிறகு வல்லியன் வந்தான், கன்னம் வீங்கி,
இடுப்பில் பாளைக்கத்தியோடு.
முற்றத்தில் குந்தியவனைக் கைபிடித்து
அந்தக் கதிரையில் இருத்தினாய்.
அடுத்த கிழமை ஒருவரும் வரவில்லை.
கிராம்பை அடக்கிக்கொண்டு
கௌரவமாய் நோவில் கிடந்தார்கள் என் சொந்தக்காரர்.
"கதிரையைக் கழுவச் சொல்லு" என்றார் அண்ணர்.
ஏதோ அரச அறிவித்தல்போல அதை உனக்கு ஒப்புவித்தேன்.
குறட்டைத் துடைத்தபடி சொன்னாய்:
"எங்கட ஊரில பூங்கா வாங்கு.
நாங்கள் இருக்கக்கூடாது எண்டு எழுதினாங்கள்.
வாங்கிலதான் துவங்கினது."
நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன்.
சில்லில் காற்று நிறைய இருந்தது.

செப்டெம்பர், ஞாயிறு. தந்தி அறையில் இராமுறை.
கொழும்பு தட்டத் தட்ட என் பென்சில் எழுதியது:
ஜெர்மன் பிரஜைகள், உடனடியாக, பெயர்கள் நான்கு.
மூன்றாவது நீ.
உன்னைத் துரத்திய நாட்டுக்கே
உன்னைப் பிரஜையாக்கிவிட்டார் எங்கள் சக்கரவர்த்தி.
எங்களையும் அப்படித்தான் ஆக்கினார், கேளாமல்.

கம்பியில் வந்தது காதோடு போகவேண்டும்,
சத்தியம் செய்து சம்பளம் வாங்கும் கை.
பியூன் காய்ச்சலில். உறையை நானே எடுத்தேன்.
பொலிஸ் நிலையம் இடப்பக்கம்.
சைக்கிள் வலப்பக்கம் திரும்பியது.
சைக்கிள் என்று எழுதுவது கோழைத்தனம்.
நான்தான் திருப்பினேன்.

"பல்லு நோவோ?"
"ஓம்."
விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தாய்.
திறந்த வாயால் ஒன்றும் சொல்லமுடியாது,
அதற்காகவே திறந்தேன்.
கீழ்வரிசை, மேல்வரிசை, ஒவ்வொன்றாய்த் தட்டினாய்.
கடைசிக் கடைவாயிலும் சொத்தை இல்லை.
கண்ணாடியை எடுத்து நெடுநேரம் துடைத்தாய்.
"எத்தனை மணிக்கு வருவாங்கள்?"

சுப்பிரிண்டன் ஆறுக்கு முன் எழும்பமாட்டார் என்றேன்.
ஓடு என்று சொல்ல நினைத்தேன். எங்கே?
பண்ணைக் கடல் இடுப்பளவுதான்,
அதற்கப்பால் தீவு, அதற்கப்பால் இந்தியா,
அங்கேயும் இதே சக்கரவர்த்தி.
நீ கோப்பி போட்டாய்.
எனக்குச் சீனி மூன்று கரண்டி,
பல்லுக்குக் கூடாது என்று அன்று சொல்லவில்லை.

தியத்தலாவையிலிருந்து ஒரேயொரு கடிதம்.
உன்னைத் துரத்தியவர்களும் நீயும் ஒரே வேலிக்குள்.
சாப்பாட்டுக்கு முன் அவர்கள் எழும்பிக்
கையை நீட்டி நிற்கிறார்களாம்.
நீ மட்டும் வாங்கில் இருக்கிறாயாம்.
மீதியைத் தணிக்கைக்காரன் மையால் மெழுகிவிட்டான்.
அடியில் கோணலாய் ஒரு ழ,
கிறுக்கல் என்று விட்டிருப்பான்.

கதிரை இப்போது என் வீட்டு மண்டபத்தில்.
வருகிறவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்து
நல்ல சுகம் என்கிறார்கள்.
விடியற்காலையில் வல்லியன் வருவான்.
"முத்தர் எப்ப வருவாராம்?"
படலைக்கு வெளியே நின்றுதான் கேட்பான்.
உள்ள வா, இரு என்று சொல்ல
வாயைத் திறக்கிறேன்.