பத்தாம் நம்பர் நட்

முதல்நாள் துஷ்யந்தி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
பஜாஜ், சி.டி. நூறு, சைலன்சரில் பொத்தல்,
பின்னால் கட்டிய பிளாஸ்டிக் கூடைக்குள்
அன்றைக்குக் கொடுக்கவேண்டிய பதினாறு பார்சல்.
"கியர் எங்க இருக்கெண்டு
என்ர கால் சொல்லுதில்லை அண்ணை."

இடது முழங்காலுக்குக் கீழே ரப்பரும் பிளாஸ்டிக்கும்.
எப்படிப் போனதென்று இந்த ஊரில் கேட்பதில்லை.
எந்த ஆண்டு என்று சிலசமயம் கேட்போம்.
நான் அதையும் கேட்கவில்லை.

ஸ்கூட்டி ஒன்று எடுக்கலாமே என்றேன்.
சிரித்தாள்.
வாகனக் கப்பல் வராத காலம்.
பழைய ஸ்கூட்டி ஒன்றின் விலைக்கு
முன்பு ஒரு பரப்புக் காணி வாங்கியிருக்கலாம்.

எனக்கோ இப்படியான வேலை என்றால் விசர்.
ஜெனரேற்றரைச் சமையல் காஸில் ஓடவிட்டவன்,
வோஷிங் மெஷின் மோட்டரில் தேங்காய் துருவ வைத்தவன்,
எரிபொருள் வரிசை சந்தி தாண்டி நீண்ட நாட்களில்
சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாய்ப் பெற்றோல் காட்டி
மண்ணெண்ணெயில் மூன்று வண்டியைக் கிளப்பியவன்.
(மூன்றாவதின் பிஸ்டன் போய்விட்டது.
அந்த மாஸ்ரர் இன்னும் எனக்கு முகம் தருவதில்லை.)

மூன்று இரவு விழித்தேன்.
லுமாலாச் சைக்கிளின் பிரேக் கம்பி,
வாட்டர் பம்பில் கழற்றிய லிவர்,
பெற்றோல் தாங்கியின் ஓரமாய்
நிமிர்ந்து நின்றது கைக்கியர்.
கிளச்சுக்கும் இடக்கை, கியருக்கும் இடக்கை.
ஆகவே கிளச் பிடியையும்
அந்தத் தடியின் தலையிலேயே பொருத்தினேன்.
என் கெட்டித்தனத்தை நானே
நாலு பக்கத்தாலும் நின்று படம் எடுத்தேன்.

கைதடிப் பாலத்தில் அது தோற்றது.
நீரேரிக் காற்று பக்கவாட்டில் அறைந்தபோது
இடக்கை தடியில்,
ஹாண்டிலில் வலக்கை மட்டும்.
கூடை சரிந்து
யாரோ ஒருத்தியின் கலியாணக் காட் இருநூறும்
றோட்டில்.
"ஒவ்வொண்டாப் பொறுக்கினனான்" என்றாள் போனில்.
ஏசவில்லை.
ஏசியிருந்தால் நித்திரை வந்திருக்கும்.

பத்து நாள் கழித்து அவளே ஓட்டி வந்தாள்.
என் தடியைச் சாக்கில் சுற்றி
மூலையில் சாத்திவிட்டு,
காலைக் கழற்றி மேசையில் வைத்தாள்,
பழைய பிளக்குகளுக்கும்
அரைவாசி கழற்றிய மிக்ஸிக்கும் நடுவில்.

பெருவிரலுக்கு நேர் கீழே, அடிப்பாதத்தில்,
யன்னல் கொண்டியை வளைத்துச் செய்த ஒரு கவை.
ஸ்குரூட்ரைவரைப் பழுக்கக் காய்ச்சித்
துளை போட்டிருக்கிறாள், தன் அடுப்பில்.
"மிதிச்சா கியரைக் கவ்வும். தூக்கினா விட்டிடும்.
கியர் விழுற சத்தம் இப்ப
முழங்காலுக்க கேக்குது.
இந்த நட் ஒண்டுதான் ஆடுது.
பத்தாம் நம்பர், லொக்நட், இருக்கோ?"

அத்தனை இரவும் நான்
வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கால் பக்கம் என் கண் போகவேயில்லை.
அது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

பாதத்தை வைஸில் பிடித்தேன்.
ஐந்து ரப்பர் விரலுக்கும்
மாம்பழ நிறத்தில் நகச்சாயம்.
ஸ்பனர் அரைச்சுற்றில் நின்றுவிட்டது.
படுக்கப்போட்ட ரயரில் இருந்து
பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்தவள்
நிமிராமலே சொன்னாள்:
"இறுக்குங்கோ அண்ணை. அதுக்கு நோகாது."

நட் இருபது ரூபாய். காசு வேண்டாம் என்றேன்.
தடிக்கு வாங்கிய நாலாயிரத்தைப் பற்றி
இரண்டு பேரும் கதைக்கவில்லை.

டிப்போப் பக்கம் அவள் திரும்பும்வரை
எண்ணிக்கொண்டு நின்றேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது கொஞ்சம் பிந்தி விழுந்தது.

தடி இப்போது
கராஜ் தகரக் கதவுக்கு முண்டு.
காற்று நாட்களில்
அதன் தலையில் கிளச் பிடி
சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.