ஃபாஸ்ட்

பீட்டர்ஹெட் துறைமுகத்தில், ஜூன் மாதம்.
"ஃபாஸ்ட்!" என்று கத்தினாள் எல்ஸ்பெத்.
பறந்தான் இசாக்கா.
கயிறு முளையில் பிடிக்காமல் நழுவ,
படகு கல்சுவரில் உரசியது.
பச்சைப் பெயின்ட் போச்சு.

வேகமாக இல்லையாம்.
அசையாமல் இறுக்கிக் கட்டு என்பதாம்.

ஓடு, நில்
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எப்படித்தான் கடலுக்குப் போய் மீள்கிறார்கள்?

மதியம் அவள் நீட்டிய பன்ரொட்டியை
நெஞ்சில் கைவைத்து மறுத்தான்.
நோன்பு.
அதற்கும் அதே சொல்;
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

இரவு ஒன்பதரை. வெயில் இன்னும் போகவில்லை.
வலைக்குவியலில் அவன்
இறுகக் கட்டிய படகாய்த் தூங்குகிறான்.
அந்தத் தூக்கத்துக்கும் அங்கே அதே சொல்தான்.

தேநீர்க் குடுவையைத் திறக்காமல்
மடியில் வைத்திருக்கும் எல்ஸ்பெத்
கூரைகள்மேல் குந்தியிருக்கும் சூரியனைப் பார்த்து
மெல்லச் சொல்கிறாள்:
ஃபாஸ்ட்.